டு-லெட் போர்டில் எழுத வேண்டியதும் எழுதக் கூடாததும்

1.
நீண்ட பதிவு. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வாடகைக்கு விட வீடு வைத்திருப்பவர்களும் வீடு தேடி அலைபவர்களும் பொறுமையாகப் படியுங்கள். "டாக்டருக்கு வீட்டு வாடகையில என்ன வேலை?" என்று கேட்பீர்கள். 8ஆவது பகுதியிலிருந்து அதற்குப் பதில் இருக்கு.

2.
எங்க பக்கத்து கேட்டுகளில் தொங்கும் போர்டுகளைக் கொஞ்சம் நின்று படிங்க.
"ஃபேமிலி மட்டும்."
"வெஜ் மட்டும்."
"பேச்சுலர்ஸ் நாட் அலவுட்."
"இந்து ஃபேமிலிக்கு மட்டும்."
அடுத்த தெருவில் "முஸ்லிம் ஃபேமிலிக்கு மட்டும்."
"டாக்டர்ஸ், பேங்க் ஸ்டாஃப் ப்ரிஃபர்ட்."
வாடகை எவ்வளவு? எழுதலை. எத்தனாவது மாடி? எழுதலை. தண்ணி எப்படி? எழுதலை. வீட்டை விளம்பரம் பண்ண வைத்த போர்டில் வீட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. வரப்போகிறவர் யாராக இருக்கணும் என்பது மட்டும்தான் இருக்கு.

3.
ஒரு ஓனருக்கு உண்மையில் என்ன வேணும்? மாசம் பிறந்தா வாடகை வரணும். வீடு பாழாகக் கூடாது. அக்கம்பக்கத்தில் சண்டை வரக் கூடாது. காலி பண்ணச் சொன்னா பிரச்சினை இல்லாம காலி பண்ணணும். இந்த நாலும் நியாயமான ஆசை. இதில் எதையாவது ஒருவர் சாம்பாரா சால்னாவா என்பதை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? கல்யாணம் ஆனவர் வாடகை பாக்கி வைத்ததே இல்லையா? சைவம் சாப்பிடுபவர் சுவரில் ஆணி அடிப்பதே இல்லையா?

4.
சைவக் கதைக்கு வருவோம். 2014இல் இந்தியப் பதிவாளர் அலுவலகம் எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுபவர்கள். அப்போ "வெஜ் மட்டும்" என்று எழுதும் ஓனர் வாடகைதாரர்களில் 97 பேரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறார். அதுவும் எங்கே? ஆம்பூர் பிரியாணிக்குப் பேர் போன ஊர்ப் பக்கம்! வியாபாரம் என்று பார்த்தாலும் இது நஷ்டம்.

5.
இன்னும் வேடிக்கை, இந்த போர்டு வைக்கும் ஓனர்களில் பலர் வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும். அப்போ அந்த "வெஜ்" சாப்பாட்டைப் பற்றியது இல்லை. ஜாதியையும் மதத்தையும் போர்டில் நேரடியாக எழுதக் கூச்சப்பட்டு வைத்த புனைபெயர் அது. போனில் அடுத்து வரும் கேள்வியைக் கேளுங்க: "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு? நீங்க எவங்க?" தெருப் பேரைக் கேட்டால் ஜாதி தெரிந்துவிடும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

6.
சாப்பாட்டை வைத்து ஆளை ஒதுக்குவது எங்க மாவட்டங்களுக்குப் புதுசு இல்லை. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. இது பாகுபாடு ஆகாதா என்று மாநில எஸ்சி/எஸ்டி ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிப்போனது. மூன்று நாள் திருவிழாவுக்கே இந்தக் கேள்வி எழுந்ததே. வருஷம் முழுக்க தெருவெல்லாம் தொங்கும் போர்டுகளை யார் கேட்பது?

7.
வடநாட்டுக் கதை என்று இதை ஒதுக்க வேண்டாம். பேராசிரியர் சுக்தேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் டெல்லி சுற்றுவட்டாரத்தில் வீடு தேடுபவர்கள் போலக் கேட்டுப் பார்த்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உயர்ஜாதிப் பெயருக்குக் கதவு எளிதில் திறந்தது. தலித் பெயருக்கு மூடியது. முஸ்லிம் பெயருக்கு இன்னும் அதிகமாக மூடியது. வருமானம், வேலை எல்லாம் ஒன்றாக இருந்தாலும் பெயர் மாறினால் பதில் மாறியது. அங்கே பெயர், இங்கே தெரு. அவ்வளவுதான் வித்தியாசம்.

8.
இப்போ டாக்டருக்கு என்ன வேலை என்ற கேள்வி.
காசநோய் என்று உறுதியான ஒருவரிடம் நாங்கள் சொல்வது: ஆறு மாதம் மருந்து, வீட்டில் இருப்பவர்களுக்குப் பரிசோதனை, சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். இதைக் கேட்டதும் அவர் முகத்தில் வரும் முதல் பயம் நோயைப் பற்றியது இல்லை. "டாக்டர், வீட்டுக்கு யாரும் வர வேணாம் டாக்டர். ஓனரம்மா பார்த்தா காலி பண்ணச் சொல்லிடுவாங்க." இதை ஓ.பி.யில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

9.
அதற்கப்புறம் என்ன நடக்கும்? மாத்திரை அட்டையை அரிசி டப்பாவில் ஒளித்து வைப்பார்கள். அட்ரஸை மாற்றிச் சொல்வார்கள். போனை எடுக்க மாட்டார்கள். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். பாதியில் நிறுத்திய மருந்துதான் மருந்துக்கு அடங்காத காசநோயை வளர்க்கும் வழிகளில் ஒன்று. அந்தக் கிருமி வாடகைதாரர் யார், ஓனர் யார் என்று பார்த்துப் பரவாது.

10.
ஓனர்கள் இதைக் கவனமாகப் படிக்கணும். சரியான மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினால், சாதாரண காசநோயில் பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். ஆபத்தானவர் மருந்து சாப்பிடுபவர் இல்லை. உங்களுக்குப் பயந்து சொல்லாமல் இருப்பவர்தான். உங்க போர்டு நோயைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தவில்லை. நோயைச் சொல்வதைத்தான் நிறுத்துகிறது. மாடியில் விளையாடும் உங்க பேரப்பிள்ளைக்கு அது பாதுகாப்பா?

11.
எச்.ஐ.வி. விஷயமும் இதேதான். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986இல். ரத்த மாதிரிகள் சென்னையில் எடுக்கப்பட்டு, சோதனை நடந்தது வேலூர் சி.எம்.சி.யில். அந்தப் பெருமை உள்ள ஊரில் இன்னும் ஒருவர் ஏ.ஆர்.டி. மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். பயம் வைரஸைப் பற்றி இல்லை. கீழ் வீட்டில் இருக்கும் ஓனரைப் பற்றி.

12.
தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: எச்.ஐ.வி./எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவின்படி, எச்.ஐ.வி. உள்ளவருக்கு மட்டுமல்ல, அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவருக்கும் சேர்த்து, குடியிருக்கவோ வாடகைக்கு எடுக்கவோ உள்ள உரிமையை மறுப்பது பாகுபாடு. திருநர்களுக்கு இதே பாதுகாப்பை 2019ஆம் ஆண்டு சட்டம் தருகிறது. "என் வீடு, என் இஷ்டம்" என்ற வசனம் இந்த இரண்டு இடத்திலும் செல்லாது.

13.
இன்னொன்று செல்லாத இடம். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955, 4ஆம் பிரிவு. தீண்டாமையின் பேரில் ஒருவர் ஒரு பகுதியில் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம். சிறைத்தண்டனை உண்டு. 70 வருஷப் பழைய சட்டம். "எங்க ஆளுங்களுக்கு மட்டும்தான் தருவோம்" என்று போனில் சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

14.
டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. "டாக்டர்ஸ் ப்ரிஃபர்ட்" போர்டைப் பார்த்து நமக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். 2020 மார்ச்சை மறந்துவிட வேண்டாம். கொரோனா வார்டில் வேலை பார்க்கிறார்கள் என்று டெல்லியில் டாக்டர்களையும் நர்ஸுகளையும் வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். எய்ம்ஸ் பயிற்சி மருத்துவர்கள் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. டெல்லி அரசு உத்தரவு போட வேண்டி வந்தது. நேற்று வரைக்கும் "தகுதியான" வாடகைதாரர். ஒரு வாரத்தில் தீண்டத்தகாதவர். ஆளை வைத்துப் போடும் பட்டியலில் யாருடைய பெயரும் நிரந்தரம் இல்லை.

15.
கல்யாணம் ஆகாத நர்ஸ் பிள்ளைகள் படும் பாடு தனி. நைட் டூட்டி முடித்துக் காலையில் வந்தால் "எங்க போயிட்டு வரா?" என்ற பார்வை. ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனிகளில் தைப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடித்து, இருட்டியபின் ஊர் திரும்புகிறவர்கள். கம்பெனி பக்கத்திலேயே இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் தினம் இரண்டு மணி நேரம் தூங்கலாம். இடுப்பு வலி, ரத்தசோகை, உறக்கமின்மை என்று என்னிடம் வருபவர்களுக்கு நான் எழுதித் தரும் மாத்திரையை விட அந்தத் தூக்கம் பெரிய மருந்து. ஆனால் போர்டு "ஃபேமிலி மட்டும்" என்கிறது.

16.
இத்தனைக்கும் அந்தப் பெண்ணிடம் சம்பளச் சீட்டு இருக்கு. பி.எஃப். எண் இருக்கு. ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கு. மாசச் சம்பளம் வங்கியில் ஏறுவதைக் காட்ட முடியும். வாடகை ஒழுங்காக வருமா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று எது? இதைக் கேட்காமல் "அப்பா கூட இருப்பாரா?" என்று கேட்கும் ஓனர், நல்ல வாடகைதாரரைத் தானே விரட்டிவிட்டு "நல்ல ஆளே கிடைக்கலை" என்று புலம்புகிறார்.

17.
வேலூருக்கே உரிய இன்னொரு கூட்டம்: நோயாளிகளும் கூட வந்தவர்களும். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, பங்களாதேஷ் என்று எங்கிருந்தோ ரயில் ஏறி காட்பாடியில் இறங்குகிறார்கள். மாதக்கணக்கில் தங்க வேண்டிய கீமோ நோயாளிகள் உண்டு. "இந்திக்காரங்க, மீன் நாத்தம்" என்று இவர்களை ஒதுக்குவதும், அதே ஆட்களிடம் ஜன்னல் இல்லாத ரூமுக்கு இரண்டு மடங்கு வாடகை வாங்குவதும் ஒரே தெருவில் நடக்கிறது. எதிர்ப்பு சக்தி குறைந்த நோயாளிக்கு ஈரச்சுவர் ரூம் எவ்வளவு ஆபத்து என்று யாரும் யோசிப்பதில்லை. வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த விதியைச் சரியாகச் செய்தால் போதும், பயப்பட ஒன்றும் இல்லை. லாட்ஜ் நடத்துபவர்களுக்கு மட்டும் ஒரு நினைவூட்டல்: அரசியலமைப்பின் 15(2) பிரிவில் ஹோட்டல்கள் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. மதம், இனம், ஜாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்து உள்ளே விட மறுக்கக் கூடாது.

18.
"அமெரிக்காவுல எல்லாம் இப்படி இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு. இருந்தது. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், அங்கே நியாய வீட்டுவசதிச் சட்டம் கையெழுத்தானது. அதில் ஒரு நுணுக்கம் பாருங்கள். ஓனரும் குடியிருக்கும் நாலு போர்ஷன் வரையுள்ள சின்ன வீடுகளுக்கு அந்தச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் விளம்பரத்துக்கு மட்டும் விலக்கு இல்லை. "இன்ன இனம், இன்ன மதம் மட்டும்" என்று எழுதி விளம்பரம் பண்ண அவருக்கும் அனுமதி கிடையாது.

19.
ஏன் அப்படி? உங்க மனசில் இருப்பது உங்க வீட்டுக்குள் இருக்கு. கேட்டில் தொங்குவது தெருவில் இருக்கு. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது. "நாம இந்த வீட்டுக்கு ஆகாதவங்க" என்று எட்டு வயதில் தெரிந்துகொள்கிறது. ஒரு போர்டு ஒரு ஆளை மறுப்பதில்லை. அந்தத் தெருவில் நடந்து போகும் எல்லாரையும் தினமும் மறுக்கிறது.

20.
ஓனர்களின் நியாயமான பயத்தையும் பேசணும். வாடகையை நம்பி வாழும் வயதான அம்மாக்கள் இருக்காங்க. கணவர் விட்டுப்போன ஒரே வீடு. "விட்டுட்டு அப்புறம் காலி பண்ண மாட்டேன்னா நான் எந்தக் கோர்ட்டுக்கு அலைவேன் டாக்டர்?" என்று கேட்கிறார்கள். இந்தப் பயம் பொய் இல்லை. ஆனால் ஜாதி பார்த்து விட்டால் இந்தப் பயம் தீருமா? சொந்தக்காரருக்கு விட்டு, காலி பண்ண வைக்க முடியாமல் வருஷக்கணக்கில் அலைபவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

21.
இந்தப் பயத்துக்கான மருந்து காகிதத்தில் இருக்கு. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017இல் இயற்றிய தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிவு செய்யணும். ஆன்லைனிலேயே செய்யலாம். இரண்டு மாத வாடகை பாக்கி என்பது காலி செய்யக் கேட்க ஒரு காரணம். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. தண்ணி, கரண்டை நிறுத்தி மிரட்டக் கூடாது. இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

22.
"வெஜ் மட்டும்" என்று எழுத நேரம் இருக்கு, ஒப்பந்தம் எழுத நேரம் இல்லை. பத்து மாத அட்வான்ஸ் வாங்கி, வாய்ப் பேச்சிலேயே வீட்டை விட்டு, வாடகைக்கு ரசீதும் தராமல், நாளைக்குத் தகராறு வந்தால் கையில் என்ன இருக்கு? வாடகைதாரரின் ஜாதிச் சான்றிதழை வைத்து வழக்கு நடத்த முடியாது.

23.
சரி, நல்ல வாடகைதாரர் வரணும்னா போர்டில் என்ன எழுதணும்? இதோ என் மருந்துச் சீட்டு.
அ) வாடகையும் அட்வான்ஸும் ரூபாயில். கட்ட முடியாதவர் போன் பண்ண மாட்டார். உங்க நேரம் மிச்சம்.
ஆ) தண்ணி. எங்க பக்கம் இதுதான் முதல் கேள்வி. தோல் கழிவால் பாலாறு கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வந்தது. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பே சொல்கிறது. போர் தண்ணி உப்பா நல்லதா, காவிரி கூட்டுக் குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று எழுதுங்க.
இ) கரண்ட். தனி மீட்டரா, சப் மீட்டரா, யூனிட் எவ்வளவு. வீட்டு இணைப்புக்கு இலவச யூனிட் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். மறைக்காதீங்க.

24.
ஈ) எத்தனாவது மாடி, படி எத்தனை, கைப்பிடி உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா. முட்டி ஆபரேஷன் ஆனவருக்கு இதுதான் வீடு.
உ) ஜன்னல் எத்தனை, எதிரெதிராக இருக்கா. டாக்டராகச் சொல்கிறேன், காற்றோட்டம் உள்ள ரூம் காசநோய்க்கு எதிரான மலிவான ஆயுதம். ஜன்னல் இல்லையென்றால் வாடகைக்கு விடுவதற்கு முன் ஒன்று வையுங்க.
ஊ) எத்தனை பேர் தங்கலாம், பைக் நிறுத்த இடம், பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம்.
எ) நடத்தை விதிகள். வாடகை 5ஆம் தேதிக்குள், ராத்திரி 10க்கு மேல் சத்தம் கூடாது, காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு. எல்லாருக்கும் ஒரே விதி.

25.
நேரில் வருபவரிடம் கேட்க வேண்டியது: ஆதார் நகல், வேலைச் சான்று அல்லது சம்பளச் சீட்டு, போன வீட்டு ஓனர் நம்பர். மூன்றாவதுதான் முக்கியம். பழைய ஓனரிடம் ஒரே கேள்வி போதும்: "மறுபடி இவருக்கு வீடு விடுவீங்களா?" ஐந்து நிமிஷப் போன், ஜாதகம் பார்ப்பதை விட நிறைய சொல்லும். கேட்கக் கூடாதது: ஜாதி, மதம், என்ன நோய், எப்போ கல்யாணம், தட்டில் என்ன.

26.
ஒரு மாதிரி போர்டு. காப்பி அடிச்சுக்கோங்க:
"வீடு வாடகைக்கு. முதல் மாடி, 18 படி, கைப்பிடி உண்டு. 1 பெட்ரூம், ஹால், கிச்சன், 4 ஜன்னல். போர் தண்ணி கொஞ்சம் உப்பு. குடிதண்ணி வாரம் 2 முறை. தனி மீட்டர். வாடகை 7,000, அட்வான்ஸ் 21,000. நாலு பேர் வரை. எழுத்து ஒப்பந்தம், பதிவு உண்டு. பார்க்க: மாலை 5 முதல் 7."
இதில் யாரையும் அவமானப்படுத்தும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் சரியான ஆள் மட்டும்தான் போன் பண்ணுவார்.

27.
கமெண்டில் வரப்போகும் பதில்களுக்கு முன்கூட்டியே.
"கறி வாசனை ஒத்துக்காது": கிச்சனில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போடுங்க.
"பேச்சுலர்ஸ் குடிச்சிட்டு கலாட்டா பண்ணுவாங்க": கலாட்டா கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்க. குடித்துவிட்டு அடிப்பதற்கு வைத்தியம் செய்துகொள்ள என்னிடம் வரும் பெண்கள் எல்லாரும் "ஃபேமிலி"யில் இருந்துதான் வர்றாங்க.
"எங்க தெருவுல ஒத்துக்க மாட்டாங்க": உங்க வீட்டு வாடகையைத் தெரு கட்டுவதில்லை.
"அவங்க தெருவுலயும் நமக்குத் தர மாட்டாங்களே": ஆமாம், அதுவும் தப்பு. இரண்டு தப்பு சேர்ந்தால் இரண்டு பக்கமும் காலி வீடு, நடுவில் வீடு கிடைக்காதவன். அவ்வளவுதான்.

28.
உங்க கேட்டில் போர்டு தொங்கினால் இன்னிக்கே ஒருமுறை படிச்சுப் பாருங்க. ஆளைப் பற்றிய வரியை அடிச்சிட்டு வீட்டைப் பற்றிய வரியை எழுதுங்க. வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் அட்மினாக இருப்பவர்கள், "மட்டும்" போட்ட விளம்பரத்தைத் திருப்பி அனுப்பி, வாடகையும் தண்ணியும் எழுதி வாங்கிப் போடுங்க. ஒரு காசநோயாளி தன் மாத்திரையை அரிசி டப்பாவிலிருந்து எடுத்து, ஜன்னல் மேடையில் வைத்து, ஆறு மாதமும் நேரத்துக்குச் சாப்பிட உங்களால் முடிந்த உதவி அது. சட்டச் சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேளுங்க, காசநோய்ச் சந்தேகம் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஓனர்களுக்கு அனுப்புங்க.